அத்தான் தெரிந்தெடுத்த துவக்கு

இதை எழுதவேண்டும் என்று நினைத்துப் பல வருடங்கள் போய்விட்டன. ஒவ்வொரு தவக்காலத்திலும் தொடங்குவேன். இரண்டு வரி எழுதியதும், செத்த மனிதரைப் பற்றி இப்படி எழுதலாமா என்ற பயம் வந்துவிடும். பேனையை மூடிவைத்துவிட்டுச் செபமாலையைக் கையில் எடுப்பேன். ஒருமுறை எங்கள் சுவாமியாரிடம் கேட்டேன். "பொய் எழுதாதேங்கோ. கோபம் ஆறினாப் பிறகு எழுதுங்கோ" என்றார். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். முழுக்க ஆறவில்லை. இதற்கு மேலும் காத்திருந்தால் நான்தான் ஆறிப்போவேன். அக்காவிடம் கேட்டபோது, "எழுதன். பேரை மட்டும் போடாதை" என்றாள். ஆகையால் இதில் யாருடைய பெயரும் இல்லை.

நான் அதிகம் படித்தவள் இல்லை. இத்தாலியில் இந்தப் பலேர்மோவுக்கு வந்த நாளில் இருந்து அடுத்தவர் வீடுகளைத் துடைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பவத்தில் பிழை இல்லை.

அவர் என் அக்காவின் கணவர். எனக்கு அத்தான். போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகைக்கடை வைத்திருந்தார். தாலிக்கொடி, ஞானஸ்நானச் சங்கிலி, தோடு, எல்லாம் தன் கையாலேயே செய்வார். வேதக்காரரும் சைவக்காரரும் அவரிடம்தான் போவார்கள். பொன்னில் ஒரு மஞ்சாடிகூடக் களவு இல்லை. குடிக்கமாட்டார். அக்காவுக்குக் கை ஓங்கியதே இல்லை, சத்தம் போட்டுக் கதைத்ததும் இல்லை. அக்காவை "நீர், உம்மை" என்றுதான் கூப்பிடுவார். கோயிலில் மற்றப் பெண்கள் அக்காவைப் பார்த்து, "உமக்குக் கிடைச்ச மாதிரி ஒருத்தருக்கும் கிடைக்கேல்லை" என்பார்கள். அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு காதுவரைக்கும் போகாது.

அவருடைய குணத்தை எப்படிச் சொல்வது? ஒரு விஷயம் தனக்கு மட்டும் தெரிந்திருக்கவேண்டும். எதிரில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது. அந்த நேரம் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அதுதான் அவருக்குச் சாப்பாடு.

என் இரண்டாவது பிள்ளையின் ஞானஸ்நானத்தை அவர் வீட்டில்தான் கொண்டாடினோம். பூசை முடிந்து வந்து இருபது முப்பது பேர் இருந்து சாப்பிட்டோம். நான் அன்று நல்ல சந்தோஷம். பாட்டுக்கூடப் படித்தேன். அத்தான் தன் கையால் என் தட்டில் ஆட்டிறைச்சிக் கறி போட்டார்.

"வடிவாச் சாப்பிடும் மச்சாள். அப்பா எப்பிடி இருக்கிறார்? கதைச்சனீரோ?"

"ஓம் அத்தான், முந்தநாள் கதைச்சனான். பேரப்பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப் போறியள் எண்டு கேட்டவர். ஐஸ்கிறீம் தின்னப்போறன் எண்டு அம்மாவோடை சண்டையாம்."

"ஓ? ஐஸ்கிறீமோ?" என்று தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றார். இன்னும் சொல்லச் சொன்னார். நானும் அப்பாவின் பகிடிகளை எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கேக் வெட்டி, கோப்பி குடித்து, ஆட்கள் செருப்பைத் தேடத் தொடங்கிய பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"மச்சாள், விடியக் காலமை ஊரிலை இருந்து போன் வந்தது. அப்பா மோசம் போயிட்டார்."

அப்பா செத்தது அக்காவுக்கும் அப்போதுதான் தெரியும். எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று துக்கத்தைத் தன் நெஞ்சுக்குள் வைத்திருந்தாராம். என் கணவரும் அப்படித்தான் சொன்னார். அத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற விதத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னாலும் அதற்கு ஒரு சொல் என்னிடம் இருக்கவில்லை.

துவக்கு, அதாவது துப்பாக்கி, பிறகு வந்தது. கடை பூட்டும்போது நகைகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது அவர் வழக்கம். ஒருநாள் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஸ்கூட்டரில் வந்த இரண்டு பொடியன்கள் பையை இழுத்தார்கள். இவர் விடவில்லை. இழுபட்டுப் போய் நாடி பிளந்து தையல் போட்டது. அப்போது அவருக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்திருந்தது. பாதுகாப்புக்கு மறைவாகத் துவக்கு கொண்டுதிரிய அனுமதி கேட்டு எழுதினார். மாதக்கணக்கில் அலைந்தார். கடைசியில் கிடைத்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் ஆண்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். ரிவோல்வர் வாங்குவதா, பிஸ்டல் வாங்குவதா என்பதுதான் கதை. கார் வாங்கப்போகிறவருக்குப் புத்தி சொல்வது மாதிரி ஆளுக்காள் சொன்னார்கள்.

"ரிவோல்வர் எடுங்கோ அண்ணை. அமத்தினா வெடிக்கும். ஒரு கரைச்சலும் இல்லை."

"அண்ணையின்ரை தொந்திக்குப் பக்கத்திலை அந்தச் சில்லுத் துவக்கையும் செருகினா ரெட்டைப்பிள்ளைத்தாச்சி மாதிரியெல்லே இருப்பார்! பிஸ்டல் தட்டை. சேட்டுக்குள்ளை கிடக்கிறதே தெரியாது."

"தட்டைதான். இடையிலை சிக்கினா? கள்ளனைப் பாத்து, கொஞ்சம் பொறு தம்பி எண்டு சொல்லுறதோ?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். "சிக்காததுதான் வேணும். ரிவோல்வர்தான் எடுக்கப்போறன்" என்றார். அன்று அவர் மனதில் அதுதான் இருந்தது.

வீட்டில் கூட இருப்பவர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். ஆகவே கடைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். அக்காவுக்கு இத்தாலியன் குறைவு என்பதால் நானும் போனேன். துவக்குக்கடைக்காரர் வயதானவர், மரியாதையானவர். பச்சைத் துணியை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் நாங்கள் துவக்கைக் கண்டால் கும்பிட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றவர்கள்.

அக்கா பயந்ததை அந்த மனிதர் கண்டிருக்கவேண்டும். ரிவோல்வரை எடுத்து, அதன் உருளையைப் பக்கவாட்டில் திறந்து, அக்காவின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"பாருங்கள் சிஞ்ஞோரா. எல்லா ஓட்டையும் வெறுமை. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா? உள்ளே இருந்தால் பித்தளை தெரியும். குழந்தைக்கும் விளங்கும்."

அக்கா எட்டிப் பார்த்தாள். ஓட்டைகளுக்குள்ளால் என் முகத்தைக் கண்டிருப்பாள். "இது நல்லது. திறந்தாத் தெரியுது" என்றாள். அத்தானைத் திரும்பிப் பார்த்து, "இதையே எடுங்கோவன்" என்றாள். ஒரு சாமானைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று அக்கா அவரிடம் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

கடைக்காரர் பிறகு பிஸ்டலை எடுத்தார். பிடிக்குள் இருக்கும் ரவைக்கூட்டை உருவி மேசையில் வைத்தார். ரவை என்று எங்கள் பக்கம் தோட்டாவைத்தான் சொல்வோம்.

"இதில்தான் கவனம் வேண்டும். கூட்டை உருவியதும் வெறுமை என்று நினைப்பார்கள். குழாய்க்குள் ஒன்று ஏறி இருக்கலாம். புது மாதிரிகளில் அதற்கு ஒரு சின்ன அடையாளம் மேலே தூக்கி நிற்கும். இந்தப் பழைய மாதிரியில் அது இல்லை. மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதுவும் இறுக்கம், சிஞ்ஞோராவின் கைக்கு இழுபடாது."

அத்தான் அதுவரைக்கும் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றவர், திரும்பினார்.

"வெளியிலை இருந்து பாத்தாத் தெரியாதோ?"

"தெரியாது."

"வைச்சிருக்கிற ஆளுக்கு மட்டும்தான் தெரியும்?"

"அவருக்கு மட்டும்தான்."

கவனமான மனிதர், இப்படித்தான் கேட்டு வாங்கவேண்டும் என்று கடைக்காரர் அவரை மெச்சினார். அத்தான் பிஸ்டலை வாங்கினார். அந்த அடையாளம் இல்லாத பழைய மாதிரியை.

பஸ்சில் வரும்போது அக்கா மெதுவாக, "நான் மற்றதையெல்லே காட்டினனான்" என்றாள்.

"அது தடிப்பு. சேட்டுக்கு வெளியிலை தள்ளிக்கொண்டு நிக்கும். மறைச்சுத்தானே கொண்டுபோகவேணும்?" என்றார். நியாயமான பதில். யாரிடம் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

அக்கா அவருடைய சேட்டுகளை எல்லாம் பிரித்து அகலமாக்கித் தைத்துக் கொடுத்தாள். அவர் சேட்டை வெளியில் விட்டுக்கொண்டு திரிந்தார். தெருவில் போகிற இத்தாலியன் ஒருத்தனுக்கும் தெரியாது. எங்கள் ஆட்களுக்குத் தெரியவேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருந்தார். பூசையில் சமாதானம் சொல்லும்போது கைகொடுக்கிற இடத்தில் கட்டிப்பிடிப்பார். இடுப்பில் இருப்பது முட்டும். முட்டியவர் திடுக்கிட்டதும், "சமாதானம் உங்களோடை இருக்கட்டும்" என்று சிரிப்பார். ஆண்டவருடைய பீடத்துக்கு முன்னால். என் முறை வந்தபோது நான் குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு அவர் வீட்டில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான், என் கணவர், அக்கா, அவர். என் பிள்ளைகள் கீழே முற்றத்தில் விளையாடினார்கள். சாப்பாட்டு நடுவில் அவர் பிஸ்டலை எடுத்து மேசைச்சீலையில் வைத்தார். ரவைக்கூட்டை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டார். குழாயின் வாய் அக்கா இருந்த பக்கம்.

"சொல்லும் பாப்பம். இருக்கோ, இல்லையோ?"

அக்காவின் கையில் சொதிக் கரண்டி. "இல்லை" என்றாள்.

"வடிவா யோசிச்சுச் சொல்லும். போன கிழமையும் இல்லை எண்டுதான் சொன்னனீர்."

"அப்ப இருக்கு."

"முந்தி இல்லை எண்டீர், இப்ப இருக்கு எண்டுறீர். ஒரு நிலையிலை நில்லுமன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது, இது அந்த வீட்டில் ஒவ்வொரு கிழமையும் நடக்கிறது என்று. "அத்தான், உதை உள்ளுக்கை வையுங்கோ. பகிடிக்கும் ஆளுக்கு நேரை பிடிக்கப்படாது" என்றேன்.

"நான் எங்கை மச்சாள் பிடிச்சனான்? அது சும்மா கிடக்குது. அக்காதான் அதுக்கு முன்னாலை இருக்கிறா." என் கணவரைப் பார்த்தார். "என்ன சகலன்?"

என் கணவர் சிரித்தார். எழும்பிப் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் வருகிற சிரிப்பு அது.

"சொல்லும். சொதி ஆறப்போகுது" என்றார் அத்தான். அக்கா, "எனக்குத் தெரியாது" என்றாள். அவருக்கு வேண்டிய பதில் அதுதான் போல. முகம் மலர்ந்துவிட்டது. துவக்கை எடுத்து இடுப்பில் செருகினார். உள்ளே இருந்ததா இல்லையா என்று சொல்லவில்லை. ஒருநாளும் சொன்னதில்லை என்று அக்கா பிறகு சொன்னாள். "அவர் வெளியிலை போனா, கள்ளன் வந்து அவரைச் சுட்டுடுவானோ எண்டு பயம். உள்ளுக்கை வந்தா, இண்டைக்கு இருக்கோ எண்டு பயம்" என்றாள். எங்கே போனாலும் அக்கா அவருக்கு முதுகு காட்டி நிற்பதில்லை என்பதையும் அன்றில் இருந்துதான் கவனித்தேன்.

ஒருநாள் காலை அக்கா ஒரேத்தோவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் சந்தைப் பை. அதற்குள் ஒரு சட்டையும் செபமாலையும் மட்டும். "இனிப் போகமாட்டன்" என்றாள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வேலைக்குப் போகவில்லை. நான் வேலைசெய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்துச் சுகமில்லை என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் போல என் போனுக்கு அத்தானின் குரல் பதிவு வந்தது. வழமையான, ஆறுதலான குரல்.

"மச்சாள், அக்கா அங்கைதானே? நல்லது, நிண்டு ஆறட்டும். இப்ப உங்கடை வீட்டிலை எத்தினை பேர்? பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை எத்தினை மணிக்கு வாறவை? சும்மா கேட்டனான்."

அக்கா அதைக் கேட்டாள். தலைமயிரை முடிந்துகொண்டு எழும்பினாள்.

"அக்கா, வா குவெஸ்தூராவுக்கு, பொலிசிட்டைப் போவம். நான் கதைக்கிறன். உடனை வந்து துவக்கைப் பறிப்பாங்கள்."

"போய் என்ன சொல்லுவாய்? அடிச்சவரோ எண்டு கேப்பாங்கள். இல்லை. ஏசினவரோ? இல்லை. நீட்டிப் பிடிச்சவரோ? அதுவும் இல்லை. கேள்வி கேக்கிறவர் எண்டு சொல்லுவியோ?"

"கொல்லப் பாக்கிறார் எண்டு சொல்லுவம்."

"கொல்லுவரோ எண்டும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சா நிம்மதியா இருப்பனடி."

பஸ் நிற்கிற இடம்வரைக்கும் கூடப் போனேன். என் பிள்ளைகளுக்காகத்தான் அவள் திரும்பிப் போனாள். அன்று நான் இந்த நகரத்தின் காவல் புனிதை ரொசாலியாவின் மலைக்குச் செருப்பில்லாமல் ஏறுவதாக நேர்ந்தேன். அக்காவின் உயிரைத் தா தாயே, வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று.

அதற்குப் பிறகு சில வருடங்கள் அப்படியே போயின. பின்பு ஒருநாள் கடையில் வேலை மேசையிலேயே அத்தான் சரிந்துவிட்டார். மூளையில் இரத்தம் உறைந்ததாம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. விளக்கம் எல்லாம் இருக்கிறது, நாங்கள் கதைப்பது விளங்கும் என்று டாக்டர் சொன்னார். ஓம் என்றால் ஒருமுறை கண்ணை மூடப் பழக்கினார்கள். தண்ணீர் வேண்டுமா, திருப்பிப் படுக்க வைக்கவா, எல்லாவற்றுக்கும் கண்ணால் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

துவக்கு அவருடைய கட்டில் பக்கத்து மேசை லாச்சிக்குள் இருந்தது. அக்காவுக்கு அதைத் தொடப் பயம். கூட்டித் துடைக்கும்போதும் அந்த மூலையைச் சுற்றிப் போவாள். நான் போயிருந்த ஒரு பின்னேரம் அவர் பக்கத்தில் குனிந்து கேட்டாள்.

"இஞ்சருங்கோ, உதை ஆரும் வந்து எடுக்கத்தான் வேணும். உள்ளுக்கை இருக்கோ? இருந்தாக் கண்ணை மூடுங்கோ."

அவர் கண்ணை அகலத் திறந்து அக்காவைப் பார்த்தார்.

"அப்ப இல்லையோ? இல்லையெண்டாலும் மூடுங்கோ. எனக்கு ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ."

மூடவில்லை. இமைக்கக்கூட இல்லை. கண் சிவந்து, தண்ணீர் கட்டி, கன்னத்தால் வழிந்தது. அப்போதும் இமைக்காமல் பார்த்துக்கொண்டே கிடந்தார். வாயின் நல்ல பக்கம் மட்டும் மெல்ல மேலே போனது. ஆண்டவரே, ஒரு பக்கம் செத்துப்போன மனிதருக்குள் அது மட்டும் சாகாமல் இருந்ததே என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

நான்தான் கரபினியேரிப் பொலிசுக்குப் போன் எடுத்தேன். நோயாளி வீட்டில் துவக்கு இருக்கிறது, வந்து எடுங்கள் என்றேன். இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி பெண். அவள் கையுறை போட்டு லாச்சியைத் திறந்தாள். அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அந்தப் பெண் ரவைக்கூட்டை உருவினாள், அதில் ஒன்றும் இல்லை. மேற்பகுதியை இழுத்தாள், குழாய்க்குள்ளும் ஒன்றும் இல்லை. ரவை எங்கே என்று கேட்டாள். நானும் அவளுமாகத் தேடினோம். அலமாரியின் மேல்தட்டில், பழைய கோட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. வாங்கிய பெட்டி, வாங்கியபடி. ஒட்டிய ஒட்டுக்கூட உடையவில்லை. வருடத்துக்கு ஒருதரம் சுடப் பழகப்போன இடத்தில் அவர்களுடைய ரவையைத்தான் பாவிப்பார்களாம்.

அந்தப் பெண் நல்ல மனதுக்காரி. அக்காவின் தோளைத் தொட்டு, "சிஞ்ஞோரா, பயப்பட ஒன்றுமில்லை. இந்த வீட்டில் இது ஒருநாளும் நிரம்பி இருந்ததில்லை" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "அப்ப நான் எதுக்குப் பயந்தனான்?" என்றாள் தமிழில்.

என்ன சொல்கிறாள் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். நன்றி சொல்கிறாள் என்றேன்.

அவர்கள் போனபிறகு அக்கா குழறி அழுதாள். அப்பா செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. உயிர் பிழைத்த ஆறுதலில் அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன். அது ஆறுதல் இல்லை. ரவை இருந்திருந்தால் அவ்வளவு வருடமும் அவள் பயந்ததற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். அதையும் அவர் அவளுக்கு விட்டுவைக்கவில்லை. உள்ளே கட்டிலில் அவர் விழித்துக்கொண்டுதான் கிடந்தார். எல்லாம் கேட்டிருக்கும். நேர்த்தியை நான் தீர்த்தேன். தாய் உயிரைத் தந்துவிட்டாள்.

சில மாதங்களில் அவர் செத்துப்போனார். கடைசிவரைக்கும் அக்கா ஊட்டினாள், கழுவினாள், திருப்பிப் படுக்கவைத்தாள். செத்தவீட்டுக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். வெறும் துவக்கு என்ற விஷயம் எப்படியோ பரவி இருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒருவர் கதையைத் தொடக்கினார்.

"பாத்தியளே, ரவையே போடாமல் இவ்வளவு காலமும் எல்லாரையும் வெருட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார். என்ன ஒரு பகிடிக்காரன்!"

"சகலன் உப்பிடித்தான். மனசிலை ஒண்டும் இல்லாத ஆள்" என்றார் என் கணவரும்.

எல்லோரும் துக்கத்தோடு சிரித்தார்கள். அக்கா தண்ணீர்ச் செம்பை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவள் வாய் திறந்து நான் கண்டதில்லை.

"பகிடியெண்டா நானும் சிரிச்சிருப்பன்" என்றாள்.

ஒருவர் தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தார். பிறகு யாரோ கோழிக்கறியைக் கேட்டார்கள்.

அவருடைய ஆன்மாவுக்காக நாள்தோறும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்கிறேன். மன்னிப்பது கடவுளின் வேலை, அதில் நான் கை வைக்கவில்லை. எழுதுவது மட்டும்தான் என் வேலை.

இதை வாசித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கேட்பவர் பதறவேண்டும் என்பதற்காக அந்தத் துவக்குக்குள் ஒரு ரவையைப் போட்டுவிடாதீர்கள். செத்தவர் பாவம் என்று நினைத்து, அக்கா மேசைக்கு முன்னால் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைக்கூட எடுத்துவிடாதீர்கள். துவக்கு வெறுமையாகத்தான் இருந்தது. அக்கா அதற்கு முன்னால்தான் இருந்தாள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.